இடப்பக்கம் சாய்ந்த படகு

இது நடந்தது. மூன்று வருடம் முன்பு, நவம்பர் இருபத்தொன்றாம் தேதி, மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில். நான் தூங்கவில்லை, குடிக்கவில்லை, காய்ச்சலில் கிடக்கவில்லை. நிமிடக் கணக்கெல்லாம் சொல்கிறாளே, கதை கட்டுகிறாள் என்று நினைக்காதீர்கள். நேரம் குறிப்பதுதான் என் வேலை. விமானம் எப்போது இறங்கியது, விருந்தினர் எப்போது வெளியே வந்தார், படகு எப்போது கிளம்பியது... எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் பிசகினால் ஏன் என்று கேட்பார்கள். அன்றைய தாளை மட்டும் நான் கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

என் பெயர் தெபோரா. அப்பா பெல்லெஸ்திரீனா தீவில் மட்டிச் சிப்பி அள்ளுகிறவர். அம்மா வெனிஸ் ஹோட்டல்களில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். வெனிஸ் காயலில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பற்றி நூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினேன். அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள். நான் விமான நிலையத்தில் பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் அந்தப் பட்டத்துக்கு மரியாதை. யாரோ ஒரு காசுக்காரரின் பெயரை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் வந்ததும் படகுத்துறைக்கு நடத்திப் போக வேண்டும். படகில் ஏற்றிவிட்டுச் சிரித்துக் கையாட்ட வேண்டும். நான் படகில் ஏறக் கூடாது. வேலை முடிந்தால் பஸ் பிடித்து, வெனிஸுக்கு வெளியே இருக்கிற மெஸ்த்ரேவுக்குப் போய்விட வேண்டும். வெனிஸுக்கு ஆள் அனுப்புகிற எங்களில் பாதிப் பேருக்கு வெனிஸில் வீடு கிடையாது. வீடெல்லாம் ஹோட்டலாகிவிட்டது.

அன்றைக்குச் சலூத்தே மாதா திருநாள். ஊரே கோயிலுக்குப் போய் உடல்நலம் வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அம்மா ஏழு மணிக்குக் கோயில் படிக்கட்டில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள். கடைசி விருந்தினரை ஏற்றும்போது அதே படகில் நானும் தொற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஊர்க்காரர்களுக்குப் போகிற வழியில் ஓர் இடம் கொடுப்பது இங்கே வழக்கம். கம்பெனிக்குத் தெரிந்தால்தான் பிரச்சினை.

மதியத்திலிருந்தே மூடுபனி. நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது.

16:52. பிராங்க்பர்ட் விமானம் இறங்கியது.

17:19. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் கறுப்புக் கோட்டும் சின்னப் பெட்டியுமாக என் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். பலகையில் எழுதியிருந்தது: 'மிரெல்லா பல்லாரின், ஹோட்டல் அல்தானா.'

"நான்தாம்மா அது. சீக்கிரம் போயிடலாமா?"

பேச்சு அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளில் டொராண்டோ என்று போட்டிருந்தது.

"நீங்க நம்ம ஊரா மேடம்?"

"முப்பது வருஷம் முன்னாடி. மேடம் வேணாம், அக்கான்னு கூப்புடு."

"அக்கா, அவசரம்னா ஒண்ணு சொல்றேன். இந்த மூடுபனியில படகு ஊர்ந்துகிட்டுத்தான் போகும். வெளிய பஸ் நிக்குது. பெரிய பாலத்து வழியா இருபது நிமிஷத்துல..."

"பஸ் வேணாம்."

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே வெட்கமாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"எங்கம்மா அந்த ஓட்டல்லதான் இருக்கா. மேல் மாடியில. டாக்டர் காலையில பாத்துட்டு, இன்னிக்கு ராத்திரி தாண்டாதுன்னுட்டாராம். பாத்துக்கிற வேரா போன் பண்ணுனா. ஒரே படுக்கைதானாம் வீட்டுல. அதான் கீழ ரூம் போட்டேன்."

அல்தானாவின் மேல் மாடியை எனக்குத் தெரியும். அம்மா அங்கே வேலை செய்திருக்கிறாள். ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்கை ஹோட்டல் வாங்கிவிட்டது. ஐந்தாவதில் எல்வீரா என்ற கிழவி. கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை. போனால் பூட்டை மாற்றிவிடுவார்கள் என்று பயம். லிப்ட் விருந்தினர்களுக்கு மட்டும்தான், சாவி அட்டை வேண்டும். எண்பத்தாறு வயதில் தொண்ணூற்றிரண்டு படி. அவள் சாவதற்காக ஒரு ஹோட்டலே காத்திருந்தது.

"வாங்கக்கா," என்றேன். ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

17:31. படகுத்துறை. துவீலியோ அண்ணன் படகின் மேல் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடமாக அந்தத் துறையில் இருக்கிறவர். என்னைப் பார்த்தாலே அவருக்கு வாய் அரிக்கும்.

"வாங்க டாக்டரம்மா! இன்னிக்குத் தண்ணி எவ்வளவு ஏறும்? புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எல்லோரையும் டாக்டர் என்பார்கள். மற்றவர்கள் சொன்னால் மரியாதை. துவீலியோ அண்ணன் சொன்னால் நக்கல்.

"ஆறு மணிக்கு எண்பத்தெட்டு சென்டிமீட்டர். உங்களுக்குப் புரியணும்னா, தாழ்வான தெருவுல கணுக்கால் நனையும்."

"எண்பத்தெட்டா? அப்ப தலைவெட்டி விடாது."

தலைவெட்டி என்று படகுக்காரர்கள் சொல்வது அல்தானாவுக்கு முன்னால் இருக்கிற தாழ்ந்த பாலத்தை. தண்ணீர் எண்பத்தைந்தைத் தாண்டினால் படகின் கூரை அதில் இடிக்கும். சுற்றிப் போகலாம். பெரிய கால்வாய் வழியாக. அன்றைக்கு அங்கே திருநாள் கூட்டம், தற்காலிகப் பாலம், போலீஸ். நாற்பது நிமிடம் கூடுதல்.

மிரெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் அண்ணனின் காதோரம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நக்கலை விட்டுவிட்டார். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"பாலத்துக்கிட்டப் போயிப் பாப்போம். ஏறுங்க தாயி."

நானும் காலைத் தூக்கி வைத்தேன். குறுக்கே கையை நீட்டினார்.

"நீ எங்க?"

"கோயிலுக்கு. அம்மா நிக்கிறா."

"பஸ்ல போ."

"ஏன், ஒங்க படகு தேஞ்சிடுமா?"

"தெபோரா, சொன்னாக் கேளு. மூடுபனியில நீ வேணாம்."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது உறைக்கவில்லை. கோபம்தான் வந்தது. சுற்றுலாக்காரன் குடித்துவிட்டு வந்தால் தாங்கித் தாங்கி ஏற்றுவார்கள். கூட வேலை செய்கிறவளுக்கு இடமில்லை.

"பெல்லெஸ்திரீனாக்காரிக்கு மூடுபனியக் காட்டிப் பயமுறுத்துறீங்களா? தள்ளுங்கண்ணே."

"வரட்டுமே. எனக்கும் துணையா இருக்கும்," என்றார் மிரெல்லா.

அண்ணன் துறையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். விலகி நின்றார்.

17:34. கிளம்பினோம்.

படகின் அறையில் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். இடப்பக்கம் நான், வலப்பக்கம் மிரெல்லா. அண்ணன் வெளியே சுக்கானில். நடுவில் பாதி திறந்த கதவு. கயிற்றை அவிழ்த்து, படகு துறையை விட்டு ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

தொப்.

துறையிலிருந்து யாரோ கடைசி நிமிடத்தில் குதித்து ஏறினால் படகு எப்படி ஒரு அமுங்கு அமுங்குமோ, அப்படி அமுங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்பக்கம் யாரும் இல்லை. துறையின் விளக்குதான் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. படகுக்காரன் திரும்பிப் பார்க்காமல் இருப்பானா?

17:38. மிரெல்லா தானாகப் பேச ஆரம்பித்தார். சாகிற வீட்டுக்குப் போகிறவர்கள் அப்படித்தான், யாரிடமாவது கொட்டிவிட வேண்டும்.

"எங்கப்பாவும் படகுக்காரர்தான். மூட்டை ஏத்துற படகு. நான் லண்டன்ல வேலை பாத்துட்டு லீவுக்கு வந்தேன். ஜனவரி மாசம். அப்ப எனக்கு இருபத்து நாலு. கனடாக்குப் போறேன், அங்கயே கல்யாணம் பண்ணிக்கப்போறேன்னு முந்தின வாரம் போன்ல சொன்னேன். பெரிய சண்ட. ஆனாலும் கூப்புட வர்றேன்னுதான் சொன்னாரு."

"வரலியா?"

"வந்தாரு. அதான..." கோட்டுப் பொத்தானைத் திருகினார். "இதே மாதிரி மூடுபனி. நான் ஏர்போர்ட்டோட பழைய கட்டடத்து வாசல்ல நின்னேன். படகுத்துறை அப்ப ரோட்டுக்கு அந்தாண்டதான், ஐம்பது அடி. ஒண்ணும் தெரியல. அவரு வாசலுக்கு வருவாருன்னு நான் நின்னேன். படகுக்காரன் மவ தண்ணிக்குத்தான வருவான்னு அவரு துறையில நின்னாரு. முக்கா மணி நேரம். கோவம் இன்னும் தீரல போல, வரலன்னு நெனச்சிட்டேன். எனக்கும் ரோஷம். நான்..."

"பஸ்ல போயிட்டீங்க."

தலையை ஆட்டினார்.

"ஒம்பது மணிக்கு வீட்டுல சூப்புக் குடிச்சிட்டிருந்தேன். அவரு அங்க நின்னுட்டிருக்காரு. வெளிய வர்ற ஒவ்வொரு பொண்ணயும் பாத்துப் பாத்து. கடைசி விமானம் வர்ற வரைக்கும் நின்னாராம். அப்புறம் இருட்டுல திரும்பினாரு. விடிஞ்சப்ப படகு ஒரு தூண்ல முட்டிட்டு நின்னுச்சு. என்ஜின் ஓடிட்டே இருந்துச்சு. அவரு இல்ல. ஒம்பது நாள் கழிச்சு முரானோ தீவுப் பக்கம் கெடச்சாரு."

தண்ணீர் படகின் அடியில் சளக் சளக் என்றது.

"அடக்கம் முடிஞ்சு வந்து அம்மா ஒண்ணுதான் சொன்னா. படகுக்காரன் மவ பஸ்ல வந்தியாடி. அவ்வளவுதான். முப்பது வருஷம். லெட்டர் போட்டா திரும்பி வரும். போன் பண்ணா வச்சிடுவா. இப்பக்கூட அவ கூப்புடல. வேராதான் கூப்புட்டா."

17:46. படகு சாய்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். என் பக்கம். இடப்பக்கம்.

"அண்ணே, படகு சாயுது."

"தெரியுது." வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "நீ எழுந்து இங்க வா."

"பெட்டிய அந்தப் பக்கம் நகத்தட்டுமா?"

"பெட்டி இல்ல. நீ வான்னு சொல்றேன்ல."

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். அப்போது என் பக்கத்தில் இருக்கைத் தோல் கிறீச் என்றது. பார்த்தேன்.

மெத்தை அமுங்கியிருந்தது. என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி. ஒரு கனத்த ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு குழியுமோ, அவ்வளவு.

கீழே மரத்தரையில் ஈரம். இரண்டு திட்டு. பாதம் பாதமாக.

ஈரக் கம்பளி வாடை. டீசல் வாடை. பழைய புகையிலை வாடை...

என் இடது கன்னத்தில் குளிர் ஏறியது. காற்று இல்லை. கண்ணாடி மூடியிருந்தது. யாரோ முகத்தை மிகப் பக்கத்தில் கொண்டுவந்து, உற்றுப் பார்ப்பது போல.

நான் இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்கப்பா பேரு என்ன தாயி?" வெளியிலிருந்து துவீலியோ அண்ணன் கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது.

"ஏத்தோரே. ஏத்தோரே பல்லாரின்."

என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்தது. அண்ணன் விசையை இறக்கிவிட்டார். படகு மூடுபனியில் சும்மா மிதந்தது. எங்கேயோ தூரத்தில் மணி அடித்தது.

17:51.

மெத்தை மெல்ல எழும்பியது. குழி நிரம்பியது. என் கன்னத்துக் குளிர் விலகியது.

படகு நிமிர்ந்தது.

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

பிறகு... அந்தப் பக்கம் சாய்ந்தது.

மிரெல்லாவின் பக்கம்.

அவருக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நாளாத் தூங்கல," என்றார். "திடீர்னு இப்புடிக் கண்ண இழுக்குது..." சொல்லி முடிக்கும் முன்பே தூங்கிவிட்டார்.

உட்கார்ந்தபடி. தலை வலப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சுவர் இல்லை. இருக்கையின் சாய்மானமும் அந்த உயரத்துக்கு இல்லை. வெற்றிடம்தான். தலை அந்த வெற்றிடத்தில் சாய்ந்து நின்றது. தோளில் சாய்வது போல.

படகு குலுங்கியது. தலை விழவில்லை.

மறுபடி குலுங்கியது.

விழவில்லை.

அவருடைய கோட்டின் வலது தோள்பட்டையில் ஈரம் பரவுவதைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுந்து கிடந்தது. அது... மெல்ல... காதுக்குப் பின்னால் போனது.

பயத்தில் என் பற்கள் கிட்டின. உண்மை. ஆனால் கூடவே அழுகை வந்தது. அதுவும் உண்மை. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

18:04. சான் மிக்கேலே. கல்லறைத் தீவின் செங்கல் சுவர் மூடுபனியில் சிவப்பாகக் கசிந்தது. அண்ணன் மறுபடி வேகத்தைக் குறைத்தார். அங்கே நிறுத்த ஒரு காரணமும் இல்லை. நிறுத்தினார். உதடு அசைந்தது. எதையோ எண்ணுகிற மாதிரி.

"இறங்கல..." என்றார்.

"யாருண்ணே?"

அவர் சிலுவை போட்டுக்கொண்டு விசையைத் தள்ளினார்.

18:13. தலைவெட்டி. தண்ணீர் ஏறி, பாலத்துக்கு அடியில் இடைவெளி குறைந்திருந்தது. அண்ணன் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு விரல் இடிக்கும். ஆளு கொறவு. படகு தூக்கலா நிக்குது. பத்துப் பேரு இருந்தா அமுங்கியிருக்கும்." கையை உதறினார். "சுத்தித்தான் போகணும்."

"சுத்திப் போனா ஏழாயிடும்ணே. அதுக்குள்ள அங்க..."

"கல்லு என் பேச்சக் கேக்குமா டாக்டரம்மா?"

அவர் பின்விசையைப் போட்டார். படகு பின்னால் போகவில்லை.

அமுங்கியது.

சத்தமே இல்லாமல். முன்னும் பின்னும் ஒரே சீராக. பத்துப் பேர் ஏறியது போல. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர்க் கோடு இரண்டு விரல் மேலே ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதியவள் சொல்கிறேன். மூன்று பேரும் ஒரு சின்னப் பெட்டியும் இருக்கிற படகு அப்படி அமுங்காது.

பின்விசையில் இருக்கும்போதே படகு முன்னால் நகர்ந்தது.

பாலத்தின் கல் என் தலைக்கு மேலே போனது. உரசவில்லை.

18:18. ஹோட்டல் அல்தானாவின் நீர்வாசல். படிக்கட்டில் படகு தட்டும் முன்பே, சட்டென்று, அது தக்கை போலத் தூக்கிக்கொண்டது. மிரெல்லா அப்போதும் இருக்கையில்தான் இருந்தார். அடிப்படிக் கல்லில் தண்ணீர் ஒருமுறை தெறித்தது.

மிரெல்லா கண் விழித்தார்.

"எவ்வளவு நேரம் தூங்குனேன்? சின்னப் புள்ளயில தூங்குன மாதிரி..." என்று சிரிக்கப் பார்த்தார்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வரவேற்பில் மேனேஜர் பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டினான். "முதலில் பதிவு செய்துவிடலாம் மேடம். மேல் மாடி எங்கள் விருந்தினர் பகுதி இல்லை, லிப்ட் அங்கே..."

"அவங்கம்மா மேல செத்துட்டிருக்கா," என்றேன். "ஒனக்கு வேணுங்கிற வீடு ராத்திரிக்குள்ள கெடச்சிடும். இப்ப சாவியக் குடு."

கொடுத்தான்.

மேலே சின்ன அறை. வேரா எழுந்து வழிவிட்டாள். கட்டிலில் எல்வீரா, ஒரு கைப்பிடி எலும்பு. உயிர் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. கதவைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை. மகளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள்.

"தொப்பிய எங்கய்யா தொலச்ச?" என்றாள்.

வேரா என் காதில் முணுமுணுத்தாள். "காலையிலேர்ந்து இப்புடித்தான். நாலு மணிக்கு, 'போய்ப் புள்ளயக் கூட்டிட்டு வா, பனியா இருக்கு'ன்னு சுவத்தப் பாத்துச் சொன்னாங்க. ஜுரத்துல பேசுறாங்கன்னு விட்டுட்டேன்."

மிரெல்லா கட்டிலோரம் மண்டியிட்டார். அம்மாவின் கண் மெதுவாக இறங்கி அவரிடம் வந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"பஸ்லயா வந்த?"

"இல்லம்மா. படகுலதாம்மா வந்தேன்."

"அப்பாகூடவா?"

மிரெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தார். சாகிறவளிடம் பொய் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன்.

"ஆமாம்மா. அப்பாகூடத்தான்."

பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் அழுதார்.

கிழவி மகளின் கன்னத்தில் கையை வைத்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "நனஞ்சிருக்க. கோட்டக் கழட்டு," என்றாள். அப்புறம் பேசவில்லை.

18:47. மூச்சு நின்றது. என் தாளில் நான் குறித்த கடைசி நேரம் அது.

இருபத்தாறாம் தேதி அடக்கம். நீர்வாசல் வழியாகப் பெட்டியை இறக்கிச் சான் மிக்கேலேவுக்குக் கொண்டு போனோம். மிரெல்லா அடுத்த வாரமே டொராண்டோ போய்விட்டார். அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவருக்கு அது ஆறுதலாக இருக்குமா, மறுபடி குத்திக் கிழிப்பதாக இருக்குமா, எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து கரையில் ஒரு மதுக்கடையில் துவீலியோ அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தேன். சொல்லாமல் எழுந்திருக்க விடமாட்டேன் என்றேன். அவர் ஒரு குவளை சிவப்பு ஒயினை ஒரே மடக்கில் குடித்தார்.

"துறையில எல்லாருக்கும் தெரியும். வெளிய சொல்ல மாட்டோம். மூடுபனி வந்தா சில நாள் படகுல ஒரு ஆளு ஏறும். பக்கத்துல உக்காந்து பாக்கும். இல்லன்னு தெரிஞ்சதும் சான் மிக்கேலேகிட்ட இறங்கிரும். படகு லேசாயிடும். ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் பண்ணதில்ல. முப்பது வருஷமா அப்புடித்தான். மொத தடவையா அன்னிக்குத்தான் அங்க இறங்கல."

"சில நாள்னா? எல்லாப் படகுலயும் இல்லையா?"

"இல்ல."

"அப்ப எதுல?"

அவர் வெற்றுக் குவளையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"சின்னப் பொண்ணு இருந்தா மட்டும். இருபத்து மூணு, நாலு, அஞ்சு... அந்த வயசு. அதுக்கு மேல உள்ளவங்கள அது பாக்குறதே இல்ல. மவளுக்கு ஐம்பத்து நாலு ஆயிருச்சுன்னு அதுக்கு யாரு போய்ச் சொல்றது?"

அன்றைக்கு அந்தப் படகில் இருபத்து நாலு வயதில் ஒருத்திதான் இருந்தாள். நான்.